வரப்பு ரெண்டாத் தெரியுதா? வெயில் மேல் பழியைப் போடாதீர்கள்!

''ஐயா, நடக்குற வரப்பு ரெண்டாத் தெரியுது. எதுல காலை வைக்கிறதுன்னே புரியல…''

அனுமந்தையில் என் வைத்தியசாலைக்கு ஒருநாள் காலையில் வந்தவர் இப்படித்தான் ஆரம்பித்தார். மரக்காணம் உப்பளத்தில் இருபத்தைந்து வருடமாக உப்பு வாருகிறவர். வயது 46. வலது கண் இமை பாதி மூடிக் கிடந்தது. கூட வந்த மனைவி, ''மூணு மாசமா உங்க மருந்துதான் சாப்புடுறாருங்கய்யா'' என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது.

மூன்று மாதம் முன்பு வந்தபோது அவர் சொன்னது வேறு. ''கண்ணு மங்கலா இருக்கு, நெத்தி வலிக்குது.'' அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் இது தினம் கேட்கிற புகார். உப்புப் பாத்தியில் வெயில் பட்டால் கண்ணாடி போல எதிரொலிக்கும். வருடக்கணக்கில் அதைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்குக் கண் கூச்சமும் எரிச்சலும் சகஜம். நானும் வெயில்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல், பொன்னாங்கண்ணிக் கீரை, திரிபலா தண்ணீரில் கண் கழுவுதல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு நிமிடம் செலவு செய்து, விரலை நீட்டி அவருடைய பக்கவாட்டுப் பார்வையைச் சோதித்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். செய்யவில்லை. அது என் தப்பு.

அந்தத் தப்பை நீங்களோ, உங்கள் குடும்ப வைத்தியரோ செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

விரல் சொன்ன ரகசியம்

இரண்டாம் முறை வந்தபோது அவரை எதிரில் உட்கார வைத்து விரலை ஆட்டிக் காட்டினேன். நேரே பிடித்தால் தெரிந்தது. வலது கண்ணுக்கு வலது ஓரத்தில் தெரியவில்லை. இடது கண்ணுக்கு இடது ஓரத்தில் தெரியவில்லை. குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல இரண்டு வெளிப்பக்கமும் இருட்டு!

''ரோட்டுல சைக்கிள் வர்றதே தெரியாம ரெண்டு வாட்டி இடிச்சுக்கிட்டாருங்க. நான் பக்கத்துல போயி நின்னாகூடத் தெரியறதில்ல. கவனம் இல்லாம இருக்காருன்னு நெனச்சேன்'' என்றார் மனைவி.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணவரிடம் தனியாகக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டு வருடமாகத் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை, வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயோ லேகியம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், பலன் இல்லை.

பக்கப் பார்வை போயிருக்கிறது. ஆண்மை குறைந்திருக்கிறது. இமை தொங்குகிறது. காட்சி இரட்டையாகிறது. இந்த நான்கையும் ஒரே நூலில் கோர்க்கக்கூடிய இடம் தலைக்குள் ஒன்றுதான் இருக்கிறது. அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். நினைத்தது சரிதான். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி!

பட்டாணி அளவு… பண்ணையாருக்கு நிகர்!

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில், இரண்டு கண்களுக்கும் நடுவே நேர் பின்னால் தொங்குகிற சுரப்பி. பட்டாணி அளவுதான். எடை அரை கிராம் சுமார். ஆனால் தைராய்டு, அட்ரீனல், விதைப்பை, சினைப்பை ஆகிய எல்லாச் சுரப்பிகளுக்கும் உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. குழந்தையின் வளர்ச்சி, தாய்ப்பால், சிறுநீரின் அளவு எல்லாம் இதன் கணக்கில் வரும்.

இதற்குத் தமிழில் 'கபச்சுரப்பி' என்று ஒரு பெயர் உண்டு. 'பிட்யூட்டா' என்றால் லத்தீனில் சளி. மூளையில் உண்டாகும் சளி இதன் வழியாக மூக்குக்கு இறங்குவதாக அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்யாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 'கபம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, கபத்தை முறிக்கிற மருந்து கொடுத்தால் இந்தக் கட்டி கரையும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்!

இந்தச் சுரப்பி ஒரு எலும்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. குழியின் வடிவம் குதிரைச் சேணம் மாதிரி. அதன் நாலு பக்கமும் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், கட்டி வளரும்போது என்ன ஆகும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

மேல் வீடு: கண்களிலிருந்து வருகிற இரண்டு பார்வை நரம்புகளும் சுரப்பிக்குச் சற்று மேலே ஒன்றாகச் சேர்கின்றன. ஒவ்வொரு கண்ணின் வெளிப்பக்கக் காட்சியைக் கொண்டுவரும் இழைகள் அங்கே நடுவில் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போகின்றன. கட்டி கீழிருந்து முட்டினால் முதலில் நசுங்குவது அந்த நடு இழைகள்தான். அதனால்தான் இரண்டு ஓரமும் இருட்டாகிறது.

கீழ் வீடு: மூக்குக்குப் பின்னால் உள்ள காற்றறை. நடுவில் மெல்லிய எலும்புத் தகடுதான். ஆபரேஷனுக்கு வாசல் இதுதான்.

பக்கத்து வீடுகள்: இங்கேதான் கதையே இருக்கிறது.

தலைக்குள் ஒரு உப்பங்கழி

சுரப்பியின் வலது, இடது பக்கங்களில் எலும்புச் சுவர் கிடையாது. மெல்லிய சவ்வுதான். அந்தப் பக்கம் 'கேவர்னஸ் சைனஸ்' என்கிற ரத்தக் குளம். கண்ணிலிருந்தும் முகத்திலிருந்தும் மூளையிலிருந்தும் திரும்பி வருகிற அசுத்த ரத்தம் இங்கே வந்து சேரும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். நம்ம உப்பங்கழியை நினைத்துக்கொள்ளுங்கள். கழியின் நடுவே ஒரு பெரிய குழாய் வளைந்து வளைந்து போகிறது. அதுதான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி. நரம்புகளோ கழியின் வெளிக்கரைக்குள் புதைத்த கம்பிகள் மாதிரி வரிசையாகப் போகின்றன.

மூளையிலிருந்து 12 ஜோடி கபால நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றில் நான்கு இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்ப்போம்.

மூன்றாம் நரம்பு: கண்ணை அசைக்கும் தசைகளில் பெரும்பாலானவற்றுக்கும், இமையைத் தூக்குவதற்கும், கண்பாப்பாவைச் சுருக்குவதற்கும் இதுதான் எஜமான். இது நசுங்கினால் இமை தொங்கும். கண் வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமும் விலகும். பாப்பா விரிந்து நிற்கும். பிட்யூட்டரிக் கட்டி பக்கவாட்டில் பரவும்போது பெரும்பாலும் அடிபடுவது இதுதான்.

நான்காம் நரம்பு: நூல் போல மெல்லியது. கண்ணைக் கீழே திருப்ப உதவுகிறது. இது பாதித்தால் படி இறங்கும்போதும், படிக்கும்போதும் இரட்டையாகத் தெரியும்.

ஐந்தாம் நரம்பின் கிளைகள்: இவை உணர்ச்சி நரம்புகள். பாதித்தால் நெற்றியிலோ கன்னத்திலோ மரத்துப் போகும், அல்லது சுரீரென்று வலிக்கும்.

ஆறாம் நரம்பு: மற்றவை கரைக்குள் பத்திரமாக இருக்க, இது ஒன்றுதான் கழிக்குள்ளேயே தமனியை ஒட்டிப் போகிறது. இது பாதித்தால் கண் மூக்குப் பக்கம் திரும்பிவிடும். தூரத்தில் வருகிற பஸ் இரண்டாகத் தெரியும்.

நம்ம உப்பளத்துக்காரருக்கு அடிபட்டது மூன்றாம் நரம்பு. கட்டி மேலே போய்ப் பார்வை நரம்பை முட்டியிருக்கிறது. வலது பக்கச் சவ்வைத் தாண்டி ரத்தக் குளத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. நல்ல ஹார்மோன் சுரக்கும் பகுதியை நெருக்கியதால் ஆண்மை குறைந்திருக்கிறது. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!

இங்கே ஒரு ஆறுதலும் உண்டு. இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மெதுவாக வளர்பவை. மெதுவாக நெருக்குவதால் பக்கத்து நரம்புகள் ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கின்றன. குளத்துக்குள் கட்டி போன பிறகும் பலருக்குக் கண் அசைவு நன்றாகவே இருக்கும். ஆனால் கட்டிக்குள் திடீரென்று ரத்தம் கசிந்தால் கதை வேறு. சில மணி நேரத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, இமை தொங்கல், பார்வை இழப்பு எல்லாம் வரும். அது உயிருக்கே ஆபத்து. சுக்குப் பத்துப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரி!

மூக்கு வழியே ஒரு பாதை

''தலையைத் திறப்பாங்களாய்யா?'' என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்டார்.

பெரும்பாலோருக்குத் திறக்க வேண்டியதில்லை. மூக்கு வழியாகவே போகலாம். ஆஸ்திரியாவில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற சர்ஜன் 1907-லேயே அந்த வழியில் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்தார். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் அதை நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்துவிட்டு, பிற்காலத்தில் மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கே போய்விட்டார். அவரிடம் பயின்ற எடின்பரோவின் நார்மன் டாட் மூக்கு வழியைக் கைவிடவில்லை. அவரிடமிருந்து பாரிஸின் ஷெரார் கியோ கற்றுக்கொண்டார். கியோவிடம் கற்ற மாண்ட்ரியாலின் ஜூல்ஸ் ஹார்டி 1960-களில் மைக்ராஸ்கோப்பைச் சேர்த்தார். குரு சிஷ்யப் பரம்பரை நம்ம வைத்தியத்தில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்! 1990-களில் எண்டோஸ்கோப் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் மூளை அறுவைக்கு முதல் தனித்துறையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் ஆரம்பித்தார். அடுத்த வருடமே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இன்றைக்குப் புதுச்சேரி, சென்னை, வேலூர் என்று இந்த ஆபரேஷன் நடக்கும் இடங்கள் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மல்யுத்த வீரர் 'கிரேட் காளி'யைத் தெரியுமல்லவா? அந்த ராட்சத உடம்புக்குக் காரணமே பிட்யூட்டரிக் கட்டிதான். 2012-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அவருக்குக் கட்டியை எடுத்தார்கள்.

முழுசா எடுக்கலையாமே!

ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள் அந்த அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். ''கொஞ்சம் உள்ளயே விட்டுட்டாங்களாம்யா. காசுக்குப் பாத்து அரைகுறையா செஞ்சுட்டாங்களோ?''

இந்தச் சந்தேகம் பல குடும்பங்களில் வருகிறது. உட்கார வைத்துச் சொன்னேன்.

சுரப்பியிலும் மேலேயும் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். பார்வை நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. ஆனால் குளத்துக்குள் போன துண்டு தமனியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை முரட்டுத்தனமாகச் சுரண்டினால் தமனி கிழியலாம். உயிர் போகும், அல்லது பக்கவாதம் வரும். ஆறாம் நரம்பு அறுந்தால் கண் நிரந்தரமாகத் திரும்பிவிடும். அதனால் தெரிந்தே கொஞ்சம் விட்டுவிடுவது அரைகுறை வேலை அல்ல. விவேகம்!

எவ்வளவு விட வேண்டியிருக்கும் என்பதை ஸ்கேனிலேயே ஓரளவு கணித்துவிடுகிறார்கள். வியன்னாவின் எங்கெல்பெர்ட் நாஸ்ப் குழுவினர் 1993-ல் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். தமனி வளைந்து போவதால் ஸ்கேன் படத்தில் அதன் குறுக்குவெட்டு இரண்டு வட்டமாகத் தெரியும். அந்த வட்டங்களின் உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என்று மூன்று கோடு போடுவார்கள். கட்டி உள் கோட்டைத் தாண்டவில்லை என்றால் 0. நடுக்கோடு வரை என்றால் 1. வெளிக்கோடு வரை என்றால் 2. அதையும் தாண்டினால் 3. தமனியை முழுக்கச் சுற்றிவிட்டால் 4. எண் கூடக்கூட முழுவதும் எடுப்பது கஷ்டம்.

மிச்சம் இருப்பது வளராமலே கிடக்கலாம். அதற்காகத்தான் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். வளர்ந்தால் கதிர்வீச்சைக் கூர்மையாகக் குவித்துக் கட்டுப்படுத்தலாம். குளத்துச் சுவர் நரம்புகள் கதிரை ஓரளவு தாங்கும். பார்வை நரம்பு அவ்வளவு தாங்காது. ஆகவே மேலே முட்டிய பகுதியை ஆபரேஷனில் இறக்கிவிட்டுப் பக்கத்துத் துண்டுக்குக் கதிர் கொடுப்பது நல்ல ஏற்பாடு.

எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டாம்

புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகளை, பெரிதாக இருந்தாலும், காபர்கோலின், புரோமோகிரிப்டின் போன்ற மாத்திரைகளாலேயே பெரும்பாலும் சுருக்கிவிடலாம். அதனால் ஸ்கேனோடு ரத்தத்தில் புரோலாக்டினும் பார்த்தாக வேண்டும்.

பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, குழந்தை பெறாமலே மார்பில் பால் கசிந்தால் இது இருக்கலாம். ஆண்களுக்கு முதல் அறிகுறி ஆண்மைக் குறைவுதான். பெண்கள் மாதவிலக்குப் பிசகினால் கேட்டுவிடுகிறார்கள். ஆண்கள் வெட்கப்பட்டு லேகியம் தேடுகிறார்கள். அதற்குள் கட்டி பெரிதாகிவிடுகிறது. என் துறைக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். லேகியம் எழுதுவதற்கு முன் பக்கப் பார்வையைச் சோதியுங்கள். தலைவலி உண்டா என்று கேளுங்கள். இந்தக் கட்டியைக் கரைக்கும் பஸ்பம் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு நிமிடப் பரிசோதனை

* ஒரு கை நீள இடைவெளியில் எதிரெதிரே உட்காருங்கள்.
* அவர் இடது கண்ணை மூடட்டும். நீங்கள் வலது கண்ணை மூடுங்கள். அவர் உங்கள் திறந்த கண்ணையே பார்க்க வேண்டும்.
* இருவருக்கும் நடுவில் விரலை வெளி ஓரத்திலிருந்து ஆட்டிக்கொண்டே மெதுவாக உள்ளே கொண்டுவாருங்கள். உங்களுக்குத் தெரியும்போது அவருக்கும் தெரிய வேண்டும்.
* கண்ணை மாற்றிச் செய்யுங்கள்.

இரண்டு கண்ணிலும் வெளி ஓரம் தெரியவில்லை என்றால் கண் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். இதில் சரியாக இருந்தாலும், சந்தேகம் இருந்தால் கண் மருத்துவரின் கருவிப் பரிசோதனைதான் முடிவு.

இவற்றையும் கவனியுங்கள்: செருப்பு அளவும் மோதிர அளவும் கூடிக்கொண்டே போவது, தாடை நீள்வது, முகம் வட்டமாகி வயிற்றில் ஊதாக் கோடுகள் விழுவது, புதிதாக இமை தொங்குவது.

ஆபரேஷனுக்குப் பின்…

* மூக்கைச் சிந்தக் கூடாது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்; முக்கக் கூடாது.
* நசியம், மூக்குப்பொடி, ஆவி பிடித்தல் எதுவும் சர்ஜன் அனுமதி இல்லாமல் வேண்டாம்.
* மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினால் அது சளி அல்ல, மூளைத் திரவமாக இருக்கலாம். உடனே போங்கள். காய்ச்சல், கழுத்து விறைப்புக்கும் அதே அவசரம்.
* குடம் குடமாகத் தாகமும் சிறுநீரும் இருந்தால் தெரிவியுங்கள்.
* ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை கொடுத்திருந்தால், 'நாட்டு மருந்துக்கு மாறுகிறேன்' என்று நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். காய்ச்சல், வாந்தி வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* செலவை நினைத்துத் தயங்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போய் மருத்துவமனையில் விசாரியுங்கள்.

நம்ம உப்பளத்துக்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். பக்கப் பார்வை சில வாரங்களில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. இமை எழுந்திருக்க நாலு மாதம் ஆனது. இடது கண்ணின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல் நின்றுவிட்டது. அந்த மங்கலில் என் மூன்று மாதத் தாமதத்துக்கும் பங்கு இருக்குமோ என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ''ஐயா, இப்ப வரப்பு ஒண்ணாத்தான் தெரியுது. மறுபடி வேலைக்குப் போறேன்.''

''போங்க. ஆனா வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கறத மட்டும் மறந்துடாதீங்க'' என்றேன்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, ''நான் மறக்க விட மாட்டேங்கய்யா'' என்றார். இந்த முறை அவர் பக்கத்தில் நிற்பது கணவருக்குத் தெரிந்திருந்தது!